கார்னெல் கட்டடக்கலைக் கல்லூரி செய்தியில் வரும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் படிக்க நினைப்பவர்கள், ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர்கள், கட்டடங்களைப் பற்றி வாசிக்கப் பிடித்தவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே கல்லூரியைப் பற்றி ஒரு பத்திரிகை ஆகா ஓகோ என்று எழுதுகிறது, இன்னொன்று வறுத்தெடுக்கிறது. எதை நம்புவது? கார்னெல் பல்கலைக்கழகத்தை வைத்தே பதில் சொல்லலாம். அதற்குத் தோதான சம்பவங்கள் அங்கே நிறைய நடந்திருக்கின்றன.

முதலில், எந்தக் கல்லூரி இது?

நியூயார்க் மாநிலத்தில் இதாகா என்றொரு சிறிய ஊர். ஜனத்தொகை சுமார் 30,000. அங்கே 1865இல் தொடங்கிய கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1871 முதல் கட்டடக்கலை கற்பிக்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் ஆண்ட்ரூ டிக்சன் வைட்டுக்குக் கட்டடக்கலை மேல் தனிப் பித்து. தன்னிடம் இருந்த புத்தகங்களைக் கொடுத்துத் துறையைத் தொடங்கிவைத்தவர் அவர். இப்போது கட்டடக்கலை, கலை, நகர - வட்டாரத் திட்டமிடல் ஆகிய துறைகள் ஒரே கல்லூரியாக இருக்கின்றன. இந்த மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஏஏபி’ என்பார்கள்.

நியூயார்க் நகரத்திலிருந்து இதாகாவுக்குக் காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது சின்ன விஷயம் இல்லை. பெரிய பத்திரிகைகளின் விமர்சகர்கள் அடிக்கடி போய் எட்டிப்பார்க்கிற தூரத்தில் அந்த ஊர் இல்லை. திறப்பு விழா, பெரிய நன்கொடை, பெரிய சர்ச்சை, இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால்தான் வெளியூர் நிருபர் கவனிப்பார். மற்ற நாட்களில் உள்ளூர்க்காரர்கள் எழுதுவதுதான் செய்தி.

இந்தக் கல்லூரியைப் பற்றி யார் யார் எழுதுகிறார்கள்?

கார்னெல் க்ரானிக்கிள் என்று ஒன்று வருகிறது. அது பல்கலைக்கழகமே நடத்துவது. கார்னெல் டெய்லி சன் என்று இன்னொன்று. அது 1880இல் தொடங்கிய மாணவர் பத்திரிகை, பல்கலைக்கழக நிர்வாகத்தின் பிடியில் இல்லாதது. இரண்டின் பெயரிலும் ‘கார்னெல்’ இருப்பதால் நம் ஊரிலிருந்து படிப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ஒரே விஷயத்தை இரண்டிலும் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும்.

அப்புறம் இதாகா ஜர்னல், இதாகா டைம்ஸ், 2014இல் தொடங்கிய இதாகா வாய்ஸ் ஆகிய உள்ளூர் ஏடுகள். நகர மன்றத்தில் என்ன பேசினார்கள், திட்டக் குழு எதற்கு அனுமதி கொடுத்தது, எந்தத் தெருவை எத்தனை மாதம் மூடுவார்கள் என்பதெல்லாம் இவற்றில்தான் வரும். மேலே ஆர்க்கிடெக்சரல் ரெக்கார்ட், ஆர்க்கிடெக்ட்ஸ் நியூஸ்பேப்பர், டெசீன், ஆர்ச்டெய்லி போன்ற துறைசார் ஏடுகள். எல்லாவற்றுக்கும் மேலே, எப்போதாவது ஒருமுறை, நியூயார்க் டைம்ஸ்.

விளம்பரக் குறிப்பையும் செய்தியையும் எப்படிப் பிரித்தறிவது?

ஆர்ச்டெய்லியில் ஒரு கட்டடத்தைத் திறந்தால், பல பக்கங்களில் உரைக்கு முன்னால் ஒரு சின்ன வரி இருக்கும்: ‘இந்த விவரம் ஆர்க்கிடெக்ட்கள் தந்தது’ என்ற பொருளில். பெரும்பாலானோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கட்டடத்தை வரைந்தவரே தன் கட்டடத்தைப் பற்றி எழுதிக்கொடுத்த குறிப்பு அது. அதில் குறை எப்படி இருக்கும்? அந்த வரியை மறைக்காமல் போடுகிறார்களே, அது அவர்கள் நேர்மை. கவனிக்காமல் போவது நம் பாடு.

படங்களையும் பாருங்கள். மாணவர்கள் வரைந்தும் மாடல் செய்தும் பழகும் ஸ்டூடியோவின் படத்தில் மேசைகள் காலியாக, தரை பளபளவென்று இருந்தால் அது மாணவர்கள் குடியேறும் முன் எடுத்தது. ஆர்க்கிடெக்சர் ஸ்டூடியோ என்றால் தெர்மோகோல் துண்டும் பசைக் கறையும் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டும் கிடக்கும் இடம். அது தெரிகிற படம் வந்திருந்தால் யாரோ நிஜமாகவே போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

கட்டுரையில் எத்தனை பேர் பேசியிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். டீன் (கல்லூரித் தலைவர்), நன்கொடையாளர், ஆர்க்கிடெக்ட் மூவர் மட்டும் பேசினால் அது அழைப்பிதழ் மாதிரிதான். கட்டடத்தைப் பெருக்குபவரோ, குளிரில் அதன் கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பவரோ பேசும் கட்டுரை அபூர்வம். கிடைத்தால் விடாமல் படியுங்கள்.

மில்ஸ்டீன் ஹால் பற்றி ஏன் அவ்வளவு எழுதினார்கள்?

கல்லூரியைப் பற்றிய செய்திகளில் ஒன்றை மட்டும் முழுசாகப் படிக்க வேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய கதை.

ஆர்க்கிடெக்சர் கற்பிக்கும் கல்லூரிக்கே சொந்தமாக நல்ல கட்டடம் இல்லை, இடம் பற்றவில்லை என்பது பழைய புகார். மில்ஸ்டீன் குடும்பத்தின் நன்கொடையோடு புதுக் கட்டடம் கட்ட முடிவாகி, 2001இல் ஒரு போட்டி வைத்து ஆர்க்கிடெக்ட் ஸ்டீவன் ஹோலைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் திட்டப்படி பழைய ராண்ட் ஹாலை இடித்துவிட்டு அந்த இடத்தில் புதிதாகக் கட்ட வேண்டும். அது நடக்கவில்லை, ஹோல் விலகிப்போனார். அடுத்து பெர்லினைச் சேர்ந்த பார்கோ லைபிங்கர் நிறுவனத்திடம் போனார்கள். அதுவும் கைகூடவில்லை. 2006இல் மூன்றாவதாக வந்தவர் ரெம் கூல்ஹாஸ். ஓஎம்ஏ என்ற கட்டடக்கலை நிறுவனத்தை நடத்துபவர், 1970களின் தொடக்கத்தில் இதே கார்னெலில் பேராசிரியர் ஓ. எம். உங்கர்ஸிடம் படித்தவர். பத்திரிகைகளுக்கு வேறென்ன வேண்டும்? பழைய மாணவர் உலகப் புகழோடு திரும்பி வருகிறார் என்று தலைப்புப் போட்டார்கள்.

இந்தமுறை ராண்ட் ஹாலை இடிக்கவில்லை. அதற்கும் பக்கத்தில் உள்ள சிப்லி ஹாலுக்கும் நடுவே, முதல் மாடி உயரத்தில், தூண்கள் அதிகம் இல்லாத ஒரே பெரிய தட்டாக ஸ்டூடியோவை வைத்தார்கள். அந்தத் தட்டின் ஒரு பக்கம் யூனிவர்சிட்டி அவென்யூ என்ற சாலைக்கு மேலே ஏறக்குறைய 50 அடி துருத்திக்கொண்டு நிற்கிறது. கீழே கார்களும் பஸ்களும் போகின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பழைய அமெரிக்கக் கடைகளின் உட்கூரையில் இருக்குமே, அப்படி அச்சுக்குத்திய உலோகத் தகடுகள் தெரியும். தரைமட்டத்தில் கான்கிரீட் ஒரு மேடு போலப் புடைத்திருக்கும். அதன் உள்ளே மாணவர்கள் தங்கள் வரைபடங்களை மாட்டி ஜூரி (மதிப்பிடும் குழு) முன் நிற்கும் இடம், அதன் முதுகில் அரங்கத்தின் இருக்கைகள். மேற்கூரையில் செடிகள். 2011இல் திறந்தார்கள். துறை ஏடுகள் எல்லாம் எழுதின, பெரும்பாலும் பாராட்டி.

ஆனால் இடையில் 2008 - 2009 பொருளாதார நெருக்கடி வந்தது. பல்கலைக்கழகமே செலவைக் குறைக்கும் நேரத்தில் இந்தக் கட்டடம் இப்போது தேவையா என்று ஆசிரியர்கள் மத்தியிலேயே காரசாரமாக விவாதம் நடந்தது. ஒரு தரப்பு தள்ளிப்போடலாம் என்றது. இடவசதி இல்லாவிட்டால் படிப்பின் அங்கீகாரத்துக்கே ஆபத்து என்றது இன்னொரு தரப்பு. உள்ளூர் ஏடுகளிலும் மாணவர் பத்திரிகையிலும் அடிபட்ட இந்த விவாதத்துக்குத் திறப்பு விழாக் கட்டுரைகளில் ஒரு பத்தி கிடைத்திருந்தால் அதிகம்.

அதைவிடச் சுவையானது ஒன்று உண்டு. அதே துறையில் கட்டுமானத் தொழில்நுட்பம் கற்பித்த பேராசிரியர் ஒருவர், இந்தக் கட்டடத்தில் தீப் பாதுகாப்பு விதிகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை, கான்கிரீட்டில் விரிசல் விழுகிறது, பசுமைக் கட்டடம் என்ற பெருமைக்கு இது பொருந்தாது என்று ஆண்டுக்கணக்கில் பொதுவெளியில் எழுதினார், பக்கம் பக்கமாக, வரைபடங்களோடு. அவர் சொன்னது அத்தனையும் சரியா என்பது பொறியாளர்கள் வாதிட வேண்டிய விஷயம். என்றாலும் தான் வேலைபார்க்கும் கட்டடத்தையே பாடமாக்கிக் கூறுபோட்ட ஓர் ஆசிரியரின் எழுத்து, எந்தப் பளபளப்பான இதழின் விமர்சனத்தைவிடவும் ஒரு மாணவருக்கு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கட்சி.

திறப்பு விழா சமயத்து விமர்சனங்கள் ஏன் எப்போதும் பாராட்டாகவே இருக்கின்றன?

கட்டடத்தை யாரும் இன்னும் பயன்படுத்தவில்லை, அதனால்தான். விமர்சகர் பார்ப்பது வெளிச்சம், வடிவம், பொருள். கதவு எத்தனை முறை இடிக்கும், மழைநீர் எங்கே சொட்டும் என்பது அடுத்த பருவத்தில்தான் தெரியும்.

கார்னெலுக்கு வெளியே ஒரு நல்ல உதாரணம், முதலில் மில்ஸ்டீன் ஹாலை வரைந்த அதே ஸ்டீவன் ஹோலுடையது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் அவர் வடிவமைத்த ஹன்டர்ஸ் பாயின்ட் நூலகம் 2019 செப்டம்பரில் திறந்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள். சில வாரங்களிலேயே வாசகர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: சில புத்தக அலமாரிகள் படிக்கட்டு ஏறினால்தான் எட்டும் அடுக்குகளில் இருந்தன, சக்கர நாற்காலியில் வருபவர் அங்கே போக வழியில்லை. நவம்பரில் வழக்கே வந்துவிட்டது. எத்தனை விமர்சகர்கள் அந்தப் படிக்கட்டின் அழகை வர்ணித்திருப்பார்கள்!

அதே 2019இல் கார்னெலில் ராண்ட் ஹாலுக்குள் நுண்கலை நூலகம் திறந்தது. மூய் ஹோ என்ற முன்னாள் மாணவியின் நன்கொடையில், வியன்னாவைச் சேர்ந்த வொல்ப்காங் சாபெல்லர் வடிவமைத்தது. அவரும் கார்னெல் மாணவர்தான். ராண்ட் ஹால் 1911 வாக்கில் பொறியியல் மாணவர்களின் பட்டறையாகக் கட்டியது. அந்தப் பழைய செங்கல் கூட்டுக்குள் புத்தக அடுக்குகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். நடைபாதைகள் இரும்புக் கிராதி. மேலே நிற்பவருக்குக் கீழ்த்தளமும் கீழே நிற்பவருக்கு மேல்தளமும் தெரியும். படத்தில் பார்க்க அசத்தல். ஆனால் பாவாடை கட்டி வருகிற பெண் என்ன செய்வாள், குச்சிக்கால் செருப்பு போட்டவர் எப்படி நடப்பார், உயரம் என்றாலே தலைசுற்றுபவர் எப்படிப் புத்தகம் தேடுவார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். படிக்கிற கட்டுரை இதைக் கேட்கவே இல்லை என்றால், எழுதியவர் படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

முன்னாள் மாணவர் மீது புகார் வந்தால் கல்லூரியின் பெயர் ஏன் அடிபடுகிறது?

ஆர்க்கிடெக்ட் ரிச்சர்ட் மையர் கார்னெலில் 1957இல் பட்டம் பெற்றவர். 1984இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு, லாஸ் ஏஞ்சலஸில் கெட்டி சென்டர் என்று பெரிய பெயர். கல்லூரியின் பெருமைப் பட்டியலில் இன்னொரு முன்னாள் மாணவரான ஆர்க்கிடெக்ட் பீட்டர் ஐசன்மனோடு முதல் வரிசையில் வைக்கப்பட்டவர்.

2018 மார்ச் 13 அன்று, மையர் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறினார் என்று ஐந்து பெண்கள் சொன்னதை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவர்களில் நால்வர் அவருடைய அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். நினைவுகள் வேறுபடலாம் என்று சொல்லியபடியே அவர் மன்னிப்புக் கேட்டார், நிறுவனப் பொறுப்பிலிருந்து விடுப்பில் போனார். துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் சூட்டுவதற்கான நன்கொடையை ஏற்கப்போவதில்லை என்று கார்னெல் உடனே அறிவித்தது. இதில் கசப்பான இன்னொன்றும் உண்டு. அதே வருஷம் ஜனவரியில்தான், பெண் மாணவர்களை ஈர்ப்பதற்கென்று அவர் அங்கே ஒரு உதவித்தொகையை நிறுவியிருந்தார்.

கல்லூரியின் பெயர் இதில் வந்தது அநியாயம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒருவர் பெயரைப் பதவியில் பொறிக்கிறோம் என்றால் அந்தப் பெயருக்கு என்ன ஆனாலும் நமக்கும் பங்கு உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இந்தச் செய்தியைக் கொண்டுவந்தது துறைசார் ஏடுகள் அல்ல, பொதுப் பத்திரிகை. கட்டடக்கலை இதழ்கள் அதே ஆர்க்கிடெக்ட்களின் படங்களையும் ஒத்துழைப்பையும் நம்பி நடப்பவை. இது போன்ற புகார் முதலில் அங்கே வெளிவராததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

தரவரிசையில் கார்னெல் முதலிடம் என்கிறார்களே?

டிசைன்இன்டெலிஜென்ஸ் என்ற அமெரிக்க அமைப்பின் பட்டியலில் கார்னெலின் ஐந்தாண்டு பி.ஆர்க் படிப்பு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது உண்மை. அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று பாருங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களிடம், எந்தக் கல்லூரி மாணவர்கள் நன்றாகத் தயாராகி வருகிறார்கள் என்று கேட்டார்கள். அது நிறுவனங்களின் அபிப்பிராயம், பாடத்தின் தரத்தை அளந்தது இல்லை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் க்யூஎஸ் பட்டியலோ கல்வியாளர் மதிப்பு, வேலைதருவோர் மதிப்பு, ஆய்வுக்கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று கூட்டிக் கழிக்கிறது. இரவெல்லாம் கண்விழித்து மாடல் வெட்டுகிற ஸ்டூடியோவை மேற்கோள் எண்ணிக்கை என்ன அளக்கும்? எடுத்த எடுப்பில் கல்லூரிகளை வடிகட்ட இவை போதும், அவ்வளவுதான்.

‘கலை’ என்று பெயரில் இருக்கிறதே, கலை பற்றிச் செய்தி வருவதில்லையா?

வருகிறது, பெரும்பாலும் வளாகத்தில் யாராவது எதையாவது நிறுத்தும்போது. கலைத்துறை மாணவர் மூலையில் உட்கார்ந்து நான்கு வருஷம் வரைந்ததைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? 2014இல் கிம்சூஜா என்ற கொரியக் கலைஞர் புல்வெளியில் 46 அடி உயர ஊசி போன்ற ஒரு கோபுரம் நிறுத்தினார். வெயில் படும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறும் படலம் போர்த்தியது. படம் பிடிக்க அழகு, அதனால் எல்லா ஏட்டிலும் வந்தது.

ஆனால் அங்கே கலை நிஜமாகச் செய்தியானது 1993 நவம்பரில். பல்கலைக்கழகத்தின் ஜான்சன் அருங்காட்சியகம் நடத்திய ஹிஸ்பானிக் கலைக் கண்காட்சிக்காக டேனியல் ஜே. மார்ட்டினெஸ் என்ற கலைஞர் ஆர்ட்ஸ் குவாட் எனப்படும் முற்றத்தின் நடைபாதைகளை ஒட்டி எட்டடி உயரத்தில் தார் பூசிய கறுப்புச் சுவர்களை எழுப்பினார். தினமும் வகுப்புக்கு நடக்கும் வழியில் திடீரென்று மதில். சிலருக்கு எரிச்சல். ராத்திரியில் சுவர்களில் இனவெறி வசைகளும் நாஜிகளின் ஸ்வஸ்திகாவும் கிறுக்கப்பட்டன. லத்தீன் அமெரிக்க வம்சாவளி மாணவர்கள் சுவருக்கு முன் நின்று காத்தார்கள், பிறகு ஊர்வலமாகப் போய் டே ஹால் என்ற நிர்வாகக் கட்டடத்துக்குள் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பயனாக வந்ததுதான் லத்தீனோ மாணவர்களுக்கான தனி விடுதி. ‘கலைப்பொருள் சேதம்’ என்ற தலைப்போடு நின்றிருக்கக்கூடிய செய்தி இது. அன்றைய மாணவர் பத்திரிகையின் பழைய பிரதிகளில் தேடிப் படியுங்கள், அன்றாடம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அதுவே நல்ல வழி.

நகரத் திட்டமிடல் துறை ஏன் கண்ணில் படுவதே இல்லை?

திறப்பு விழா இல்லாத துறை அது, ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது. வாடகை, பஸ், கழிவுநீர், வரைபடம் என்று போகும். பேராசிரியர்கள் யாரோ எழுதும் கட்டுரையில் ஒருவரி கருத்துச் சொல்லும் நிபுணராக வந்துபோவார்கள்.

ஆனால் அந்தத் துறை பேசும் விஷயங்கள் உள்ளூர்ச் செய்தியில் தேடினால் அகப்படும். 2019இல் இதாகா நகர மன்றம் 2030க்குள் கரியமிலச் சமநிலை (வெளிவிடும் கரியமில வாயுவை முழுதும் ஈடுகட்டுவது) என்று தீர்மானம் போட்டது. அப்புறம் 2022 ஜனவரியில், மாணவர்கள் குடியிருக்கும் காலேஜ்டவுன் பகுதியில் புது அடுக்குமாடிக்காகப் பழைய வீடுகளை இடிக்கும்போது, காலேஜ் அவென்யூ 206ஆம் எண் வீட்டை மட்டும் இடிக்காமல் பிரித்தெடுத்தார்கள். கூரை, சுவர்ச் சட்டம், தரைப்பலகை என்று பாகம் பாகமாகக் கழற்றி, மரத்தை மறுபடி பயன்படுத்துவதற்காக. கட்டடக்கலைத் துறையின் பெலிக்ஸ் ஹைசல் நடத்தும் ஆய்வகம் இதில் முன்னின்றது. பழைய வீட்டைப் பிரித்து உத்தரம், நிலை, கதவு விற்பது நம் ஊரில் காலங்காலமாக நடக்கிற வியாபாரம். அமெரிக்காவில் அது ஆய்வுத் திட்டமாக, சட்டம் மாற்றும் வாதமாக ஆகியிருக்கிறது. எனக்குக் கேட்டால் மில்ஸ்டீன் ஹாலைவிட இது பெரிய செய்தி.

பேராசிரியர் செய்த வேலை கல்லூரியின் சாதனை ஆகுமா?

பாதி ஆகும். கட்டடக்கலைப் பேராசிரியர் ஜெனி சேபின் 2017இல் நியூயார்க்கின் மோமா பிஎஸ்1 என்ற கலைக்கூடத்தின் முற்றத்தில், வெயிலை உறிஞ்சி இருட்டில் ஒளிரும் நூலால் பின்னிய பந்தல் ஒன்று போட்டார். அது அவருடைய ஸ்டூடியோவின் வேலை. 2019இல் டீனாக வந்த மீஜின் யூன் தன் நிறுவனத்தோடு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் அடிமைத் தொழிலாளர் நினைவுச்சின்னத்தை வடிவமைத்தார், 2020இல் முடிந்தது. கல்லூரிச் செய்தியில் இரண்டும் ‘நம்முடையவை’. நிறுவனத்தின் பக்கத்தில் கல்லூரியின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். ஆய்வகங்களில் வேலை செய்த மாணவர்களின் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று கடைசிவரை இறங்கிப் பாருங்கள். நேர்மையான கட்டுரை அவர்களையும் பட்டியலிட்டிருக்கும்.

டிராகன் டே என்றால்?

முதலாண்டு ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் மார்ச் மாதத்தில் ஒரு பிரம்மாண்ட டிராகனைக் கட்டி வளாகம் முழுக்க இழுத்துப்போவார்கள். பொறியியல் மாணவர்கள் பதிலுக்கு பீனிக்ஸ் என்ற புராணப் பறவையின் உருவத்தைக் கொண்டுவருவார்கள். நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம், முன்பெல்லாம் கடைசியில் எரித்தும்விடுவார்கள். வருஷா வருஷம் படம் வரும். படத்தை மட்டும் பாருங்கள், போதும்.

தமிழ்நாட்டிலிருந்து விண்ணப்பிக்க நினைக்கிறேன். இந்தச் செய்திகளில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அமெரிக்க அங்கீகார வாரியமான நாப் (NAAB) அங்கீகாரம் இருக்கிறதா என்று வாரியத்தின் பட்டியலிலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தில் வேண்டாம். திரும்பி வந்து இங்கே தொழில் செய்ய நினைத்தால், அந்தப் பட்டம் செல்லுமா என்று டெல்லியில் உள்ள கட்டடக்கலை மன்றத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1972 சட்டப்படி அங்கே பதிவு செய்யாதவர் இந்தியாவில் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்து, டெய்லி சன் பத்திரிகையில் கடந்த இரண்டு வருஷத்துச் செய்திகளைக் கல்லூரியின் பெயர் போட்டுத் தேடிப் படியுங்கள். ஸ்டூடியோ நேரம், பொருட்செலவு, கட்டண உயர்வு பற்றி மாணவர்கள் என்ன முணுமுணுக்கிறார்கள் என்று அங்கேதான் வரும். மாடல் செய்யும் பொருட்கள், பிரின்ட், லேசர் வெட்டு என்று கட்டணத்துக்கு வெளியே ஆகும் செலவு எவ்வளவு என்று, அங்கே இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கும் யாரையாவது பிடித்து நேரடியாகக் கேளுங்கள்.